கழுவின பந்தும் கழுவாத பந்தும்

என் வீட்டுக்காரருடைய அக்கா மாப்பிள்ளை துபாய் வேலையை முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊர் திரும்பியபோது, பெட்டிகளோடு ஒரு துணி மூட்டையும் கொண்டுவந்தார். பெட்டிகளில் என்ன இருக்கும் என்று எங்கள் குடும்பத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கம்பளி, சென்ட் பாட்டில், பால் பவுடர், தலைவலித் தைலம், பிஸ்தா. மூட்டையில் என்ன இருக்கும் என்றுதான் யாருக்கும் பிடிபடவில்லை. தூக்கினால் ஆள் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும் கனம். மதுரை விமான நிலையத்தில் அதை அவிழ்த்துப் பார்த்த அதிகாரி அவரே மறுபடி முடிச்சுப் போட்டுக் கொடுத்தாராம்.

அவர்கள் வீடு சிவகாசியில் எங்களுக்கு அடுத்த தெருவில்தான் இருக்கிறது. நான் அவரை அண்ணன் என்றும் அவர் மனைவியை மதினி என்றும் கூப்பிடுவேன். அன்றைக்குப் பெட்டிகளைத் திறந்து, பங்கு பிரித்து, ஆளாளுக்குப் புறங்கையில் சென்ட் அடித்து மோந்து பார்த்து முடித்த பிறகு, அண்ணன் மூட்டையை ஹாலுக்கு நடுவில் இழுத்துவந்தார். நகைப்பெட்டியைத் திறக்கிற பதனத்தோடு முடிச்சை அவிழ்த்தார்.

உள்ளே பந்துகள். எலுமிச்சம்பழம் அளவில், மேலெல்லாம் சின்னச் சின்னக் குழி விழுந்த வெள்ளைப் பந்துகள். சிலது புதுசு போல இருந்தன. சிலது மஞ்சள் பாரித்திருந்தன. கீறல் விழுந்தவை, வெட்டுப்பட்டவை, பச்சைக்கறை ஏறியவை எல்லாம் கலந்து கிடந்தன. கூடவே கழுத்து லேசாக வளைந்த இரும்பு மட்டை ஒன்று.

“பந்தா?” என்றார் மதினி.

“கோல்ஃப் பந்து,” என்றார் அண்ணன்.

“எதுக்கு?”

“விளையாடத்தான்.”

மதினி ஒரு பந்தை எடுத்து உருட்டிப் பார்த்தார். “நான் மிக்சியில்ல கேட்டிருந்தேன்,” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டார்.

அண்ணன் துபாயில் ஒரு பெரிய கோல்ஃப் மைதானத்தில் வேலை பார்த்தார் என்பது எங்களுக்குத் தெரியும். என்ன வேலை என்று யாரும் கேட்டுக்கொண்டதில்லை. ‘கோல்ஃப் கிளப்புல இருக்காக’ என்று சொன்னாலே கேட்டவர்கள் மரியாதையாகத் தலையை ஆட்டுவார்கள். அதற்கு மேல் எதற்கு? வெள்ளைத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாய் அவர் அனுப்பிய ஒரு போட்டோ மதினி வீட்டு அலமாரியில் இருந்தது. அதைப் பார்த்து அவர் அரபு ஷேக்குகளோடு சேர்ந்து பந்து அடிக்கிறார் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் பட்டாசுக்கு அட்டைப்பெட்டி செய்கிற சின்னக் கம்பெனி இருக்கிறது. சீசன் என்றால் என் வீட்டுக்காரருக்குச் சோறு தின்ன நேரம் இருக்காது. தீபாவளி முடிந்துவிட்டால் ஆர்டர் குறைந்து, மிஷின் பாதி நாள் சும்மா கிடக்கும். அந்த நாட்களில் அவரை வீட்டில் வைத்திருப்பது பெரும்பாடு. நல்ல மனிதர்தான். ஆனால் அவர் முன்னால் இன்னொருத்தர் எதையும் நிச்சயமாகச் சொல்லிவிடக் கூடாது. ‘இன்னைக்கு வெயில் சாஸ்தி’ என்று யாராவது சொன்னால் நேற்றைய வெயிலுக்கு வக்காலத்து வாங்குவார்.

அப்படிப்பட்ட நாளில் அண்ணன் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். கறிக்குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னார்.

“பந்து சுத்தமா இருக்கணும் மாப்ள. கோல்ஃப்ல அதான் மொதப் பாடம். அழுக்குப் பந்து சொன்ன எடத்துக்குப் போகாது.”

என் வீட்டுக்காரர் சோறு பிசைவதை அப்படியே நிறுத்தினார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

“ஏன் போகாது மச்சான்?”

“போகாதுன்னா போகாது. அழுக்கு ஒரு பக்கம் ஒட்டியிருந்தா, பந்து அந்தப் பக்கமா இழுக்கும்.”

“பந்து மேல ஒரு கடுகளவு மண்ணு இருக்கும். அந்தக் கடுகு எம்புட்டுப் பந்த இழுத்துட்டுப் போயிரும்? நாங்க சின்னப் பிள்ளையில சாக்கடையில விழுந்த பந்த எடுத்து அப்படியே வெளையாடியிருக்கோம். நல்லாத்தான் போச்சு.”

“அது ரப்பர் பந்து மாப்ள.”

“பந்து பந்துதான் மச்சான். கம்புக்குக் கண்ணா இருக்கு, இது அழுக்குப் பந்து, நான் மெதுவாத்தான் அடிப்பேன்னு சொல்றதுக்கு?”

அண்ணன் கையைக் கழுவ எழுந்துவிட்டார். இரண்டாவது தடவை சோறு வாங்கவில்லை. கறிக்குழம்பு வைத்த நாளில் அண்ணன் ஒரு தடவையோடு கையைக் கழுவி நான் பார்த்ததே கிடையாது. ‘இவருக்கு எதுக்கு இம்புட்டுக் கோவம்’ என்று நினைத்தேனே தவிர, அதற்கு மேல் யோசிக்கவில்லை.

மறுநாளே இரண்டு பேரும் சமாதானமாகி, சோதித்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார்கள். இடம் ஆனைக்குட்டம். அணையில் தண்ணீர் உள்வாங்கி, கரையோரம் பெரிய பரப்பாகத் தரை தெரிந்துகொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் என்னையும் பைக்கில் ஏற்றிக்கொண்டார். சாட்சி இல்லாமல் அவர் எதையும் ஜெயிக்க மாட்டார். அண்ணன் தனியாகத் தன் ஸ்கூட்டரில் மட்டையைக் குறுக்கே வைத்துக்கொண்டு வந்தார். வழியில் ஒரு போலீஸ்காரர் நிறுத்தி அது என்ன ஆயுதம் என்று விசாரித்தாராம்.

முந்தின நாள் பருவம் தப்பி ஒரு மழை பெய்திருந்தது. நான் பிறந்தது மல்லாங்கிணறு. கரிசல் மண்ணைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காய்ந்தால் கல், நனைந்தால் கோந்து. அங்கேயும் அதே மண்தான். இறங்கி நடந்ததும் ஆளுக்கு ஒரு சாண் உயரம் கூடிவிட்டோம். பந்து தரையில் விழுந்ததும் கொழுக்கட்டைபோல மண்ணை அப்பிக்கொண்டது.

“இதான் அழுக்குப் பந்து,” என்றார் என் வீட்டுக்காரர் சந்தோஷமாக. “அடிங்க மச்சான், பாப்போம்.”

அண்ணன் தொப்பியைச் சரிசெய்தார். காலை அகட்டி, இடுப்பை இரண்டு தடவை அசைத்து, போட்டோவில் இருப்பது மாதிரியே நின்றார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மட்டையை ஓங்கி வீசினார். பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. அதற்கு அரையடி பின்னாலிருந்து ஒரு கட்டி மண் கிளம்பிப்போய்த் தூரத்தில் விழுந்தது.

“மண்ணு நல்லாப் போகுது மச்சான்,” என்றார் என் வீட்டுக்காரர்.

அடுத்த அடியில் மட்டை வழுக்கியது. அதற்கும் அடுத்ததில் பந்து கிளம்பியது. ஆனால் அவர் பார்த்துக்கொண்டிருந்த திசைக்கும் அது போன திசைக்கும் சம்பந்தமே இல்லை. பக்கவாட்டில் பாய்ந்து எங்கள் பைக்கின் கண்ணாடியை உடைத்துவிட்டு அங்கேயே விழுந்தது.

“பாத்தீகளா?” என்று கத்தினார் அண்ணன், கண்ணாடி உடைந்ததைக்கூட மறந்து. “மண்ணு அந்தப் பக்கம் ஒட்டியிருந்துச்சு. அதான் அங்கிட்டு இழுத்துருச்சு!”

“ஒங்களுக்கு அடிக்கத் தெரியலைன்னு சொல்லுங்க மச்சான். பந்து மேல எதுக்குப் பழியப் போடுறீக?”

அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. பந்துகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு, மண் ஒட்டிய காலோடு ஸ்கூட்டரை மிதித்துக் கிளப்பினார்.

அடுத்த நாள் மதினி வீட்டுக்குப் போனபோது கொல்லையில் கழுவுகிற சத்தம் கேட்டது. மதினி ஒரு பெரிய தாம்பாளத்தை முன்னால் வைத்துக்கொண்டு கோல்ஃப் பந்துகளுக்குப் புளி போட்டு விளக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் தேங்காய் நார், சோப்பு, பழைய பல் பிரஷ். கழுவியவை வெயிலில் வேட்டியின் மேல் வடகம் மாதிரி காய்ந்துகொண்டிருந்தன. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“சிரி, சிரி,” என்றார் மதினி. “அவுக ராத்திரியெல்லாம் தூங்கல. பந்தக் கழுவிட்டு மறுபடி அடிச்சுக் காட்டணுமாம். நான்தான் குடுங்கன்னு வாங்கினேன். புளி போட்டா பச்சக்கறை போயிருது பாரு.”

நானும் உட்கார்ந்து ஒரு பந்தை எடுத்துத் தேய்த்தேன். “அண்ணன் அங்கன நெறைய வெளையாடியிருப்பாக போல. இம்புட்டு வெறியா இருக்காகளே,” என்றேன்.

மதினி கையை நிறுத்திவிட்டு வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

“அவுக எங்க வெளையாண்டாக? வெள்ளைக்காரனும் அரபிக்காரனும் வரிசையா நின்னு பந்த அடிச்சுப் பழகுவாகளாம். அடிச்சத இவுக ஒரு வண்டியில போய்ப் பொறுக்கிட்டு வந்து, மிஷின்ல போட்டுக் கழுவி, தொடச்சு, மறுபடி கூடையில வைக்கணும். அதான் வேல. வண்டியச் சுத்தி கம்பிக் கூண்டு இருக்குமாம். இவுக உள்ள இருக்கும்போதே குறி வச்சு அடிப்பாகளாம் சில பேரு. கூண்டுல பட்டா சிரிப்பாகளாம்.”

“வலிக்காதா மதினி?”

“கூண்டு இருக்குல்ல, வலிக்காதுன்னாக.” மதினி பந்தைத் தண்ணீரில் அலசினார். “நேத்துத்தான் எங்கிட்டயே சொன்னாக. அணையில அடிச்சதுக்கு முன்னால ஒரு பந்தக்கூட அவுக அடிச்சதில்லயாம். வேலக்காரங்க மட்டையத் தொடக்கூடாதாம்ல.”

எனக்குப் புளிக்கையோடு என்ன செய்வதென்று தெரியவில்லை. அழுக்குப் பந்தும் நல்லாத்தான் போகும் என்று என் வீட்டுக்காரர் சாப்பாட்டின் நடுவில் சொன்னபோது, அந்த மனிதர் எதற்காக எழுந்துபோனார் என்று அப்போதுதான் உறைத்தது. பந்து கழுவுவதில் அர்த்தமே இல்லையென்றால் அத்தனை வருஷம் அவர் அங்கே செய்தது என்ன? நான் அன்றிலிருந்து அண்ணன் கட்சி. வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். சொன்னால் அவர் விட்டுக்கொடுத்துவிடுவார். விட்டுக்கொடுத்தால் அண்ணனுக்கு அதுவும் தெரிந்துவிடும். சொல்லவில்லை.

விட்டுக்கொடுக்கிற நிலையில் அவரும் இல்லை. நான் வீட்டுக்கு வந்தபோது கம்பெனியில் ஒரு மேஜையை ஒதுக்கி, அணைக்கரையிலிருந்து எடுத்துவந்த பந்து ஒன்றை எதிரில் வைத்துக்கொண்டு தீவிரமாக உட்கார்ந்திருந்தார். பெட்டிக்குப் பசை ஒட்டுகிற பெண்கள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அழுக்கு எங்க போய்த் தங்குது?” என்று என்னைக் கேட்டார். “குழியில. குழி இருக்கதாலதான தங்குது? குழியே இல்லன்னா?”

“என்ன செய்யப் போறீக?”

“அடைக்கப் போறேன்.”

வீட்டுக்கு வெள்ளையடித்தபோது சுவர் ஓட்டைக்குப் பூசி மிஞ்சிய பட்டி மாவு ஒரு வாளியில் இருந்தது. அதைக் குழைத்து, பந்தின் ஒவ்வொரு குழியையும் தீக்குச்சி முனையால் நிரப்பினார். காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். அதற்கு மேல் பெட்டிக்குப் பூசுகிற வார்னிஷை இரண்டு பூச்சு பூசி, கவிழ்த்து வைத்த தம்ளரின் மேல் காயவைத்தார். சொல்லக்கூடாது, பந்து முத்து மாதிரி இருந்தது. கையில் எடுத்தால் வழுக்கியது. ஈ உட்கார்ந்தாலும் சறுக்கிவிடும்.

அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினார். அண்ணனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

“மாப்ள, குழிய அடைக்காதீக. குழி வேணும்.”

“எதுக்கு வேணும்?”

“எதுக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? அங்கன எல்லாப் பந்துலயும் இருக்கும்.”

“எல்லாரும் செஞ்சா சரியாயிருமா மச்சான்? இந்தப் பந்துல அழுக்கு ஒட்டவே ஒட்டாது. ஒங்க கணக்குப்படி இதுதான உலகத்துலயே சுத்தமான பந்து? அப்ப இதுதான ரொம்பத் தூரம் போகணும்?”

அண்ணன் பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்கும் அந்த வாதத்தில் ஓட்டை எங்கே என்று தெரியவில்லை. பசை ஒட்டுகிறவர்களில் நாரணாபுரத்துக்காரி ஒருத்தி உண்டு. வாயும் கையும் ஒரே வேகத்தில் போகும். அவள்தான் சொன்னாள்.

“மூணு பந்தையும் அடிச்சுப் பாருங்களேன் மொதலாளி. அழுக்குப் பந்து, கழுவின பந்து, நீங்க செஞ்ச மொழுக்கட்டப் பந்து. எது எங்கன போய் விழுதுன்னு தெரிஞ்சு போகும்.”

“யாரு அடிக்கிறது? மச்சான் அடிச்சா கண்ணாடிதான் ஒடையும்.”

“நான் அடிக்கேன். கிட்டிப்புள் அடிச்சு எங்க ஊர்ல பாதி வீட்டு ஓட்ட நான் ஒடச்சிருக்கேன்.”

அவள் யார் கட்சியும் இல்லை என்பதால் இரண்டு பேரும் ஒத்துக்கொண்டார்கள். என் வீட்டுக்காரர் தோற்றால், எல்லோர் முன்னாலும் ‘மச்சான் சொன்னது சரி’ என்று சொல்ல வேண்டும். இந்தப் பந்தயத்தை வைத்தது நான்தான். அவருக்கு அதைவிடப் பெரிய தண்டனை எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெட்டி ஏற்றுகிற லோடு ஆட்டோவிலேயே எல்லோரும் ஆனைக்குட்டம் போனோம். இந்தத் தடவை மதினியும் வந்தார். கூடவே தூக்குவாளியில் டீ கொண்டுவந்தார். தரை காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. அண்ணன் இஸ்திரி போட்ட பேன்ட்டும் வெள்ளைத் தொப்பியுமாய், கழுவின பந்தைக் கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தார். என் வீட்டுக்காரர் தன் பந்தை மோதிரம்போலப் பஞ்சில் வைத்து, எங்கள் கம்பெனி பட்டாசுப் பெட்டி ஒன்றில் கொண்டுவந்திருந்தார். அழுக்குப் பந்து என் பையில் கிடந்தது. அதை யாரும் கொண்டாடவில்லை.

நாரணாபுரத்துக்காரி சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு மட்டையை வாங்கினாள். அண்ணன் எப்படி நிற்கவேண்டும் என்று காட்டினார். அவள் இரண்டு நிமிஷம் கேட்டாள். பிறகு, “எனக்குத் தெரிஞ்ச மாதிரி அடிக்கேண்ணே,” என்று சொல்லிவிட்டாள்.

முதலில் மொழுக்கட்டப் பந்து. ஒரு சின்ன மண் குவியலின் மேல் அதை வைத்துவிட்டு என் வீட்டுக்காரர் பின்னால் வந்து நின்றார். உதடு அசைந்தது. பிஸ்மில்லா சொல்கிறார் என்று நினைக்கிறேன்.

அடி நல்ல அடி. ‘டக்’கென்ற சத்தம் அணைக்கரையில் மோதித் திரும்பி வந்தது. பந்து கிளம்பும்போதே அதிலிருந்து வெள்ளைப் புகைபோலப் பட்டி தெறித்தது. கொஞ்சம் மேலே ஏறியது. அங்கேயே யோசனை வந்தது போலத் தயங்கி, பொத்தென்று விழுந்தது. நடந்துபோய் எடுத்துவிடலாம், அவ்வளவு பக்கம்.

“நமுத்த வெடி மாதிரில்ல போச்சு மொதலாளி,” என்றாள் நாரணாபுரத்துக்காரி.

“நீ சரியா அடிக்கல.”

“அடி சரிதான். சத்தம் கேட்டீகல்ல?”

அடுத்தது அழுக்குப் பந்து. அதே அடி, அதே சத்தம். இது நல்ல உயரம் போனது. பாதி வழியில் வலப்பக்கமாக வளைந்து வளைந்து, சீமைக் கருவேலப் புதருக்குள் நுழைந்துகொண்டது. அதற்குள் போய் அதை எடுக்க யாரும் முன்வரவில்லை. இன்றைக்கும் அங்கேதான் கிடக்கும்.

மூன்றாவதாக அண்ணன் கைக்குட்டையைப் பிரித்தார். பந்தை மறுபடி ஒரு தடவை துடைத்து, குனிந்து வைத்தார். குனிந்தவருக்கு நிமிர மனசில்லை. மதினி, “இங்கிட்டு வாங்க, மண்டையில பட்டுறப்போகுது,” என்று இழுத்துக்கொண்டார்.

அது போனதை நான் எப்படிச் சொல்வேன்? சத்தம் வந்தபிறகு பந்தைக் காணோம். அப்புறம் வானத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. நேராக, சாவகாசமாக, விழவேண்டும் என்கிற எண்ணமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. கரையைத் தாண்டி, அந்தப் பக்கம் அறுவடை முடிந்த வயலுக்குள் இறங்கியது. இறங்கியதும் அங்கேயிருந்து ஒரு பெரிய கூச்சல் கிளம்பியது. நூறு பேர் ஒரே நேரத்தில் மூக்கால் சிரித்த மாதிரி இருந்தது.

கரை மேல் ஏறிப் பார்த்தால் வயல் முழுக்க வாத்து. மேய்ச்சலுக்கு விட்டிருந்த கூட்டம் பந்து விழுந்த அதிர்ச்சியில் நாலா பக்கமும் சிதறி ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் வாத்து மேய்க்கிற ஒரு பெண், கம்பில் பாலித்தீன் பையைக் கட்டி ஆட்டிக்கொண்டு எங்களை வைதுகொண்டிருந்தாள்.

“வேட்டு விட்டீகளாக்கும்! சிவகாசின்னா வாத்துக்குமா வேட்டு விடுவீக? எல்லாம் கலஞ்சு போச்சு. வந்து கூட்டிக் குடுங்க மொதல்ல!”

நியாயம்தானே. எல்லோரும் இறங்கினோம். வாத்துக் கூட்டுவது சுலபம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பத்து வாத்தை ஒரு பக்கம் ஓட்டினால் இருபது வாத்து மறுபக்கம் போகும். என் வீட்டுக்காரர் கையை விரித்துக்கொண்டு ஓடி, வரப்பு தடுக்கிச் சேற்றில் உட்கார்ந்தார். அண்ணனின் தொப்பி பறந்து ஒரு வாத்தின் மேல் கவிழ்ந்தது. அந்த வாத்து துபாய்த் தொப்பியோடு வாய்க்கால் வரை நடந்துபோனது. மதினி சிரித்துச் சிரித்து வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

ஒருவழியாக வாத்துகள் சேர்ந்தன. “ஒரு பந்து வந்து விழுந்துச்சே, பாத்தீகளா?” என்று அண்ணன் மூச்சு வாங்கக் கேட்டார்.

“பந்தா? பந்து ஒண்ணும் விழல,” என்றாள் அந்தப் பெண். இடுப்பிலிருந்த பிளாஸ்டிக் வாளியைக் காட்டினாள். வழியில் வாத்து போட்ட முட்டைகளை அதில் பொறுக்கி வைத்திருந்தாள். முட்டைகளுக்கு நடுவில் எங்கள் பந்து இருந்தது.

“அதான் பந்து!”

“இதா? இது முட்டையாக்கும். எங்க வாத்து இப்பத்தான் போட்டுச்சு, நீங்க விட்ட வேட்டுல பயந்து.”

“முட்டைக்குக் குழி இருக்குமா?” என்றார் என் வீட்டுக்காரர்.

“அம்மை போட்ட முட்டை. அம்மை போட்டா தழும்பு இருக்காதாக்கும்?” என்றவள் பந்தை எடுத்து வாய்க்கால் தண்ணீரில் போட்டாள். அது முங்கியது. “கூமுட்டைன்னா மெதக்கும். முங்கிருச்சு பாருங்க. நல்ல முட்டை.”

அவள் முகத்தில் சிரிப்பின் நிழல்கூட இல்லை. அண்ணன் உண்மையிலேயே கலங்கிப்போனார். கோல்ஃப் பந்து என்றால் என்ன, எதனால் செய்வார்கள் என்று விளக்க ஆரம்பித்தார். அவள் கன்னத்தில் கைவைத்து முழுவதையும் கேட்டாள். கடைசியில் தண்ணீருக்குள் கைவிட்டுப் பந்தை எடுத்து, சேலை முந்தானையால் துடைத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, “சரி, அடைகாத்துப் பாத்துட்டு எதுவும் பொரிச்சா சொல்லியனுப்புங்க,” என்றாள். அப்புறம்தான் சிரித்தாள். நாரணாபுரத்துக்காரியும் அவளும் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

கழுவின பந்து ஜெயித்ததில் சந்தேகமே இல்லை. ஆனாலும் என் வீட்டுக்காரர் சேற்றைத் தட்டிக்கொண்டே, “காத்து அந்தப் பக்கம் அடிச்சுச்சு,” என்றார்.

“மூணு பந்துக்கும் ஒரே காத்துதான மொதலாளி,” என்றாள் நாரணாபுரத்துக்காரி.

“பந்தயம் பந்தயம்தான்,” என்றேன் நான்.

அவர் சுற்றிலும் பார்த்தார். தப்பிக்க வழியில்லை. அண்ணன் பக்கம் திரும்பாமல் வாத்துக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு, “மச்சான் சொன்னது சரி,” என்றார். வாத்துகள் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணனுக்குக் காதுவரை சிரிப்பு.

டீ குடிக்கக் கரைக்கு இந்தப் பக்கம் வந்தோம். மட்டை சும்மா கிடந்தது. மதினி எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்துவிட்டு, திடீரென்று, “நீங்க ஒருக்க அடிங்க,” என்றார் அண்ணனிடம்.

“நானா? வேணாம். அன்னைக்கே பாத்தீகல்ல.”

“அன்னைக்கு நான் பாக்கல. அடிங்க, நான் பாக்கணும்.”

அண்ணன் தயங்கித் தயங்கி மட்டையை எடுத்தார். பையிலிருந்து இன்னொரு கழுவின பந்தை எடுத்து வைத்தார். இடுப்பை அசைக்கிறது, காலை அகட்டுகிறது எதுவும் இல்லை. முதல் தடவை காற்றில் வீசினார். யாரும் சிரிக்கவில்லை. என் வீட்டுக்காரர்கூட டீயையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது தடவை பட்டது. பெரிய அடி இல்லை. பந்து தரையை ஒட்டியே போய், இரண்டு தடவை குதித்து, நாலு தென்னை தூரத்தில் நின்றது. ஆனால் நேராகப் போயிற்று.

“போயிருச்சு!” என்றார் அண்ணன். சின்னப் பிள்ளை மாதிரி எங்களைத் திரும்பிப் பார்த்தார். உடனே மட்டையை மதினி கையில் கொடுத்துவிட்டு, பந்தை எடுக்க விறுவிறுவென்று நடக்க ஆரம்பித்தார்.

“நில்லுங்க,” என்றார் மதினி. குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. “அடுத்தவுக அடிச்சத இம்புட்டு வருசம் பொறுக்கினது போதாதா? இது நீங்க அடிச்ச பந்து. நீங்க எடுக்கப் போகாதீக.”

அண்ணன் அப்படியே நின்றார். என் வீட்டுக்காரர் டீத் தம்ளரைக் கீழே வைத்தார். மதினியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். அவர் வாதம் பண்ணுகிற ஆள்தான், மண்டு இல்லை. சேறு காயாத வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார்.

“மச்சான், நீங்க அங்கனயே நில்லுங்க,” என்று சொல்லிவிட்டு, வெடித்த தரையில் பாளம் பாளமாகத் தாண்டித் தாண்டி ஓடினார். பந்தை எடுத்தார். தோள்துண்டால் அதைத் துடைத்தார். வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு மறுபடி துடைத்தார்.

“இங்கிட்டு எறியவா, இல்ல கொண்டுட்டு வரவா மச்சான்?” என்று அங்கிருந்தே கத்தினார்.

நாரணாபுரத்துக்காரிதான் கையை உயர்த்தி, “கொண்டுட்டே வாங்க மொதலாளி, எறிஞ்சா அழுக்காயிரும்!” என்று கத்தினாள்.